புதாற்றுத் தண்ணீரிலிருந்து கூலன்ட் வரை: பட்டுக்கோட்டையில் இன்ஜின்கள் குளிர்ந்த வரலாறு

டிராக்டர் இன்ஜினில் பழைய கூலன்ட்டை இறக்கி, உள்ளே கழுவி, புதிது ஊற்றும் வழக்கம் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் பரவியது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன் பல தலைமுறை இன்ஜின்கள் இங்கே வெறும் தண்ணீரிலேயே குளிர்ந்தன. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது: முதலில் கிணறும் குளமும், பிறகு கல்லணைக் கால்வாய், அதன் பிறகு ஆழ்துளைக் கிணறு, இப்போது கேன் தண்ணீர். கூலன்ட்டின் மூலப்பொருள் உலகில் பெயர் பெற்றது குளிர்நாடுகளில், ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் காக்கும் மருந்தாக. மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஒரு கடலோர வட்டாரத்துக்கு அது வந்து சேர்ந்ததற்குக் குளிர் காரணம் அல்ல. இங்கே கிடைக்கும் தண்ணீரின் குணம் மாறியதும், இன்ஜினின் கட்டுமானமும் உலோகமும் மாறியதுமே காரணம்.

டீசல் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி சிலிண்டர் சுவரிலும் ஹெட்டிலும் இறங்குகிறது. அதை உடனுக்குடன் வாங்கி வெளியே தள்ளாவிட்டால் பிஸ்டன் விரிந்து லைனரைப் பிடித்துக்கொள்ளும், ஹெட் வளையும், கேஸ்கெட் போய்விடும். ஒரு லிட்டர் டீசலின் வெப்பத்தில் கால் பங்கு மட்டும் தண்ணீரில் இறங்கினாலே மூன்று லிட்டர் தண்ணீரை ஆவியாக்கப் போதும். இந்த வேலைக்குத் தண்ணீரைப் போல மலிவாகவும் வெப்பத்தை வாங்கும் திறன் மிகுந்தும் வேறு திரவம் எளிதில் கிடைக்காது. ஆனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும், இரும்பைத் துருவாக்கும், தன்னுள் கரைந்திருக்கும் உப்பைச் சூட்டில் வெளியே தள்ளிவிடும். இவற்றுள் கடைசிக் குணம்தான் இந்த வட்டாரத்துக்கு வந்த முதல் இயந்திரங்களுக்குத் தொல்லையானது.

அந்த முதல் இயந்திரம் ரயில். தஞ்சாவூர் மாவட்ட போர்டு, நிலவரியோடு தனியாக ஒரு தீர்வை வசூலித்துத் தன் சொந்தச் செலவில் ரயில் பாதை போட்டது. இந்திய உள்ளாட்சி வரலாற்றில் இது அரிதான முயற்சி. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-ல் திறந்த அந்தப் பாதை 1902-ல் பட்டுக்கோட்டைக்கும், 1903-ல் அறந்தாங்கிக்கும் நீண்டது. ரயில்களை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. நீராவி இன்ஜினில் தண்ணீர் குளிர்விக்கும் பொருள் அல்ல, வேலை செய்யும் பொருள். நாள் முழுவதும் அது ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். ஆவியோடு உப்பு போவதில்லை, அது பாய்லரிலேயே தங்கிவிடும். தங்கியது குழாய்களின் மேல் கல்லாகப் படியும், அடியில் சேறாகச் சேரும். அதனால்தான் எந்த லோகோ ஷெட்டிலும் குறித்த நாள் இடைவெளியில் பாய்லரைக் குளிரவிட்டு, அடைப்பான்களைக் கழற்றி, அழுத்தத்தோடு தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் ‘வாஷ் அவுட்’ தவறாமல் நடந்தது. கடின நீர் உள்ள நிலையங்களில் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் கலந்து தண்ணீரை மென்மையாக்குவது ரயில்வேயில் வழக்கம். இயந்திரத்துக்கு ஊற்றும் தண்ணீரைச் சோதித்து ஊற்ற வேண்டும், உள்ளே சேர்ந்ததைக் காலம் தவறாமல் கழுவ வேண்டும் என்ற அறிவு இப்படித்தான் தண்டவாளத்தின் வழியாக வந்தது. ஷெட்டைத் தாண்டி அது ஊருக்குள் பரவ நெடுங்காலம் பிடித்தது.

அடுத்து வந்தவை எண்ணெய் இன்ஜின்கள். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர், கிணற்றிலிருந்து எண்ணெய் இன்ஜினால் நீர் இறைத்தால் கட்டுப்படியாகுமா என்று அரசின் ஆதரவோடு சோதித்துப் பார்த்தார். கமலை ஏற்றத்துக்கு மாற்றாக இன்ஜின் பம்பு என்ற எண்ணம் அப்போதுதான் வேர் பிடித்தது. ஏறக்குறைய அதே தலைமுறையில் காவிரிக் கழிமுகத்தில் நெல் அரைவை ஆலைகள் பெருகின. மின்சாரம் வருமுன் அவை ஓடியது நீராவியிலும் எண்ணெய் இன்ஜினிலும்தான்.

ஒரே இடத்தில் நிற்கும் இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டர் தேவையில்லை. சிறிய இன்ஜினில் சிலிண்டரைச் சுற்றி மேலே திறந்த ஒரு தொட்டி இருக்கும். அதில் ஊற்றிய தண்ணீர் கொதித்து ஆவியாகும், குறையக் குறைய ஊற்ற வேண்டும். பெரிய இன்ஜினுக்கு வெளியே ஓர் உயரமான தொட்டி. சூடான நீர் எடை குறைந்து மேல் குழாய் வழியாகத் தொட்டிக்கு ஏறும், ஆறிய நீர் கீழ்க் குழாய் வழியாக இன்ஜினுக்கு இறங்கும். பம்பு இல்லாமலே சுழற்சி நடக்கும். நீர் இறைக்கும் இன்ஜினில் இன்னும் எளிய ஏற்பாடு. பம்பு வெளியே தள்ளும் நீரில் ஒரு சிறு பங்கை மெல்லிய குழாயில் பிரித்து, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, வாய்க்காலிலேயே விட்டுவிடுவது. பயிருக்குப் போகும் தண்ணீர் போகிற வழியில் இன்ஜினையும் குளிர்வித்தது. பிற்காலத்தில் கழிமுகத்தின் மணற்பாங்கான நிலங்களில் பில்டர் பாயிண்ட் என்ற ஆழமற்ற குழாய்க் கிணறு இறக்கி, 5 குதிரைச்சக்தி டீசல் இன்ஜின் வைத்து இறைத்த விவசாயிகள் வரை இந்த முறை நீடித்தது. இதில் தண்ணீர் கொதிப்பதே இல்லை, உப்பு ஓரிடத்தில் சேர்ந்து கெட்டியாக வாய்ப்பும் குறைவு. குளிர்விக்கும் தண்ணீரை யாரும் ஒரு பொருட்டாக நினைக்காததற்கு இது ஒரு காரணம்.

பட்டுக்கோட்டை வட்டாரத்தின் தண்ணீரையே மாற்றியது மேட்டூர்த் திட்டம். பழைய கழிமுகத்தைப் போல அல்லாமல், காவிரியும் வெண்ணாறும் தொடாத மேட்டு நிலம் இது. ஏரியையும் குளத்தையும் மழையையும் நம்பிய ஊர்கள். 1934-ல் மேட்டூர் அணை திறந்தபோது, கல்லணையிலிருந்து புதிதாக வெட்டிய கால்வாயில் காவிரி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாகப் பாய்ந்தது. ஏறத்தாழ 150 கி.மீ. ஓடும் அந்தக் கால்வாயை மக்கள் இன்றும் புதாறு என்றே சொல்கிறார்கள். இன்ஜினைப் பொறுத்தவரை இது நல்ல வரவு. நிலத்தடி நீரோடு ஒப்பிட்டால் ஆற்று நீரில் கரைந்த உப்பு குறைவு. வண்டல் உண்டு, ஆனால் வண்டல் வேறு, உப்பு வேறு. குடத்தில் சிறிது நேரம் வைத்துத் தெளியவிட்டால் வண்டல் அடியில் தங்கிவிடும். கரைந்த உப்பைத் தெளியவைக்க முடியாது. டிராக்டர் இங்கே பரவியபோது வயலோரத்து வாய்க்காலில் ஓடியது இந்தத் தண்ணீர்தான். ரேடியேட்டரில் என்ன ஊற்றுவது என்ற கேள்வியே எழாமல் ஒரு தலைமுறை கழிந்ததற்கு இந்த வாய்ப்பும் துணை நின்றது.

டிராக்டர் தன்னுடைய தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு நகர வேண்டிய இயந்திரம். அதனால் ஆவியாக்கித் தீர்க்க முடியாது, அதே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். 1917-ல் ஹென்றி போர்டு பெருமளவில் செய்யத் தொடங்கிய போர்ட்சன் டிராக்டரில் ரேடியேட்டர் இருந்தது, வாட்டர் பம்பு இல்லை. ஆலைத் தொட்டியில் நடந்த அதே சூடு ஏறி ஆறி இறங்கும் சுழற்சியை அது நம்பியது. மண்ணெண்ணெயில் ஓடிய அக்கால டிராக்டர்கள் சூடாக இருந்தால்தான் எண்ணெய் சரியாக ஆவியாகும் என்பதால் ரேடியேட்டருக்கு முன் திரை கட்டி வெப்பத்தைத் தக்கவைப்பதும் உண்டு. டீசல் இன்ஜின் வந்து, சக்தி கூடிய பிறகு பம்பும் தெர்மோஸ்டாட்டும் தவிர்க்க முடியாதவை ஆயின.

இந்தியாவில் 1950-கள் முடியும்வரை டிராக்டர் இறக்குமதிப் பொருள். 1959-ல் பரீதாபாத்தில் ஐஷர் நிறுவனம் முதல் உள்நாட்டு டிராக்டரை வெளியிட்டது. ஜெர்மன் வடிவமைப்பில் வந்த அந்த இன்ஜினைக் குளிர்வித்தது காற்று. அதற்கு ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. மறு ஆண்டு சென்னையில் டாபே நிறுவனம் தொடங்கி, மாசே பெர்குசன் கூட்டுறவோடு டிராக்டர் செய்தது. 1840-ல் குதிரை வண்டி கட்டும் தொழிலில் தோன்றிய சிம்சன் நிறுவனம் சென்னைச் செம்பியத்தில் அந்த டிராக்டர்களுக்கான பெர்க்கின்ஸ் வகை டீசல் இன்ஜின்களைச் செய்துவந்தது. மூன்று சிலிண்டர், தண்ணீர் சுழற்சி, முன்பக்கம் செம்பு பித்தளை ரேடியேட்டர் என்ற அமைப்பே தமிழ்நாட்டு விவசாயிக்கு டிராக்டரின் முகமாகப் பதிந்தது. கழிமுகத்தில் அது வேகமாக இடம்பிடித்ததற்குப் பயிர்த் திட்டமும் காரணம். 1960-ல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூர் ஒன்று. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 நெல் வந்ததும் குறுவைப் பரப்பு விரிந்தது. குறுவையை அறுத்த கையோடு தாளடிக்குச் சேறடிக்க வேண்டும், இடையில் கிடைப்பது சில வாரம். உழவு மாடு வைத்து அந்த அவகாசத்தில் முடிப்பது கடினம்.

சேற்று உழவு இன்ஜினைச் சூடேற்றுவதுபோல் வேறு எந்த வேலையும் சூடேற்றாது என்று டிராக்டர் ஓட்டுபவர்கள் சொல்வது சரிதான். கேஜ் வீல் என்ற கூண்டுச் சக்கரம் மாட்டிய வண்டி முழுச் சுமையில் மெதுவாக நகர்கிறது. சாலையில் ஓடும் லாரிக்கு எதிர்க்காற்று உதவும். வயலில் மின்விசிறி இழுக்கும் காற்றைத் தவிர வேறு துணை இல்லை. தெறிக்கும் சேறு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் ஒட்டிக் காய்ந்து காற்று வழியை அடைக்கும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசும் பதரும் அதே இடத்தில் சேரும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை பெருகிய பிறகு, தோப்புக்குள் ரொட்டவேட்டர் ஓட்டும்போது மணல் தூசு. உள்ளே தண்ணீர் நன்றாக இருந்தாலும் வெளியே அடைத்திருந்தால் வெப்பமானி ஊசி சிவப்பைத் தொட்டுவிடும். ‘வண்டி கொதிக்குது’ என்ற பேச்சு வயற்காட்டில் எழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரின் முகம், அடுத்து பேன் பெல்ட், அதற்கடுத்துத்தான் தண்ணீர்.

பழைய ரேடியேட்டர்களில் மூடி சும்மா மூடும் மூடி. மிகுந்த நீரும் ஆவியும் ஒரு சிறு குழாய் வழியாகக் கீழே போய்விடும். காலையில் மூடியைத் திறந்து, குறைந்ததை ஊற்றி, வண்டியைக் கிளப்புவது டிரைவரின் முதல் வேலை. பிறகு வந்தது அழுத்த மூடி. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி போட்டால் உள்ளே தண்ணீர் கொதிக்க 111 டிகிரி ஆகும். தண்ணீரின் முதல் குறையைப் பெருமளவு தீர்த்துவைத்த கருவி இது, ஆனால் புதிய ஆபத்தையும் கூடவே கொண்டுவந்தது. 105 டிகிரியில் அமைதியாகக் கிடக்கும் நீர், மூடி திறந்து அழுத்தம் விலகிய நொடியில் மொத்தமாகக் கொதித்துப் பீறிடும். முகத்திலும் மார்பிலும் வெந்துபோன டிரைவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். மூடியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, கால் சுற்று திருப்பி, சீறல் அடங்கும்வரை காத்திருக்கும் பழக்கம் அந்த அனுபவத்தில் பிறந்தது. இன்ஜின் ஆறும்வரை மூடியைத் தொடாமல் இருப்பது அதைவிட நல்ல பழக்கம்.

கூலன்ட்டின் வரலாறு இதற்கெல்லாம் மூத்தது. அதன் மூலப்பொருளான எத்திலீன் கிளைகாலை 1859-ல் பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல் அடோல்ப் வுர்ட்ஸ் ஆய்வகத்தில் உருவாக்கினார். அரை நூற்றாண்டுக்கு மேல் அதற்குப் பெரிய பயன் எதுவும் கிடைக்கவில்லை. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். உள்ளே விரியும் பனி வார்ப்பிரும்பு பிளாக்கையே பிளந்துவிடும். அதனால் குளிர்நாட்டு விவசாயி மாலையில் தண்ணீரை இறக்கிவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி ஊற்றி ஓட்டினார். சாராயம் கலந்து ஊற்றியவர்களும் உண்டு, சூட்டில் அது முதலில் ஆவியாகிப் போய்விடும். 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கிளைகால் கடைக்கு வந்தபோது இந்தத் தொல்லைகள் நீங்கின. சரிபாதி கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே 35 டிகிரி தாண்டியும் உறையாது. விமானப் பொறியாளர்கள் அதில் வேறொன்றைக் கண்டார்கள். கிளைகால் தனியாகக் கொதிக்க 197 டிகிரி வேண்டும். இன்ஜினை அதிகச் சூட்டில் ஓடவிட்டு, ரேடியேட்டரைச் சிறிதாக்கிக் காற்றுத் தடையைக் குறைக்கலாம். இரண்டாம் உலகப் போரில் பறந்த பல போர் விமானங்கள் கிளைகாலும் தண்ணீரும் சேர்ந்த கலவையில் குளிர்ந்தவை. தமிழ்நாட்டு டிராக்டருக்கு உறைதடுப்பு வேண்டாம், 197 டிகிரியும் வேண்டாம். அதனால் டிராக்டர் பரவிய பிறகும் பல ஆண்டுகள் கூலன்ட்டை யாரும் நாடவில்லை.

நாட வைத்தது நிலத்தடி நீர். புதாற்றின் கடைமடைக்கு முறையாகத் தண்ணீர் எட்டுவது பழைய சிக்கல். காவிரி வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போன 1990-க்குப் பிறகு, வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்காத ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தன. விவசாய மின்சாரம் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லோருக்கும் இலவசமானது. டீசல் பம்பு இன்ஜின்கள் ஒதுங்கி, மின் மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் பெருகின. வயலோரத்தில் எப்போதும் கிடைக்கும் தண்ணீர் வாய்க்கால் தண்ணீர் என்ற நிலை மாறி, போர் தண்ணீர் என்றானது. அதிராம்பட்டினம், சேதுபாவாசத்திரம் போன்ற கடலோரப் பகுதிகளை நெருங்க நெருங்க அதில் உவர்ப்பு ஏறும்.

அந்தத் தண்ணீர் ரேடியேட்டரில் செய்வதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பு கரைந்த தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் குடிப்பதற்கு இந்தியத் தர நிறுவனம் ஏற்கும் உச்ச வரம்பே 2,000 மில்லிகிராம்தான். ஆகவே இது குடிக்கத் தகுந்த தண்ணீர். 10 லிட்டர் பிடிக்கும் ரேடியேட்டரிலும் இன்ஜினிலும் முதல் நாள் இருப்பது 10 கிராம் உப்பு. நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகி, அதே தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால் 100 நாளில் 100 கிராம் கூடிவிடும். அதில் ஒரு பகுதி கால்சியம் பைகார்பனேட். சூடேறியதும் அது சுண்ணாம்புக் கல்லாக மாறி, எங்கே சூடு மிகுதியோ அங்கே ஒட்டும். போர் தண்ணீர் காய்ச்சும் அலுமினியக் குண்டானின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே பொருள்தான். இன்ஜினில் மிகச் சூடான இடம் ஹெட்டும் லைனரின் மேல் பகுதியும். வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்துவது மிக மிகக் குறைவு. ஆகவே ரேடியேட்டர் தண்ணீர் சாதாரணச் சூட்டில் இருப்பதாக ஊசி காட்டும்போதே ஹெட்டின் இரும்பு வெந்துகொண்டிருக்கலாம். கேஸ்கெட் போன பிறகுதான் விவரம் தெரியும்.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. பல டீசல் இன்ஜின்களில் லைனரின் வெளிச்சுவரை நேரடியாகத் தண்ணீர் தொடும். ஒவ்வொரு வெடிப்பிலும் லைனர் நுண்ணியதாக அதிர்கிறது. சுவர் பின்வாங்கும் நொடியில் தண்ணீரில் சிறு குமிழ்கள் தோன்றி, மறு நொடியில் சுவரின் மேல் வெடித்து அடங்குகின்றன. வெறும் தண்ணீரில் இந்தக் குமிழ்கள் வருடக்கணக்கில் இரும்பைக் கொத்திக் கொத்தி ஊசித் துளை போட்டுவிடும். தண்ணீர் ஆயிலில் இறங்கும், டிப் ஸ்டிக்கில் ஆயில் வெளுத்துத் தெரியும். தண்ணீரோடு சரியான வேதிப்பொருள் கலந்திருந்தால் அது லைனரின் மேல் மெல்லிய காப்புப் படலம் விரித்து இந்த அரிப்பைத் தடுக்கும். வெப்பநாட்டு டிராக்டருக்குக் கூலன்ட் தரும் பெரிய நன்மை இதுதான். கிளைகாலைவிட அதில் சிறு அளவில் சேரும் இந்தத் தடுப்பான்களுக்கே இங்கு மதிப்பு அதிகம்.

இந்த நன்மை கைக்கு வருமுன் பட்டறைகள் தம் வழியில் சமாளித்தன. ஒவ்வொரு சந்தை ஊரிலும் ரேடியேட்டர் வேலைக்கென்றே ஓரிரு பட்டறை இருக்கும். அடைத்த ரேடியேட்டரைக் கழற்றி எடுத்துப் போனால், மேல் டேங்கின் ஈயப் பற்றைச் சூடு காட்டி இளக்கித் தனியே எடுப்பார்கள். உள்ளே செம்புக் குழாய்களின் வாய் வரிசையாகத் தெரியும், பாதி வாய்கள் பழுப்பும் வெள்ளையுமாக அடைத்திருக்கும். குழாயின் வடிவுக்கேற்ற மெல்லிய பட்டைத் தகட்டை ஒவ்வொன்றிலும் விட்டு மேலும் கீழும் இழுப்பார்கள். துருத்தூளும் சுண்ணாம்புச் செதிலும் மறுபக்கம் உதிரும். பிறகு டேங்கை மீண்டும் ஈயம் வைத்துப் பற்றி, தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் காற்று அடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். செம்பு பித்தளைக் காலத்தின் இந்தக் கைவேலை ஒரே ரேடியேட்டரைப் பலமுறை உயிர்ப்பித்துக் கொடுத்தது.

வீட்டு வைத்தியங்களும் இருந்தன. சிறு கசிவுக்கு ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது இந்தியச் சாலைகள் முழுவதும் அறிந்த உபாயம். தூள் ஊறிப் பருத்துக் கசிவை அடைக்கும். அடைக்கக் கூடாத குழாயையும் அடைக்கும் என்பதால் பட்டறை போய்ச் சேரும்வரைக்கான வழி மட்டுமே அது. உள்ளே கழுவச் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, வண்டியைச் சிறிது நேரம் ஓடவிட்டு இறக்குவது பழைய கையேடுகளே சொன்ன முறை. இரும்புக்கும் செம்புக்கும் அது ஒத்துவந்தது, அலுமினியத்தை அரித்துவிடும். இவற்றோடு ஒரு தவறான பழக்கமும் பரவியது. சூடான ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதைக் கழற்றி எறிவது. தெர்மோஸ்டாட் 80 டிகிரி அளவில்தான் ரேடியேட்டருக்கு வழியைத் திறக்கத் தொடங்கும், அதுவரை இன்ஜினை வேகமாகச் சூடேற விடும். அது இல்லாத இன்ஜின் வேண்டிய சூட்டை எட்டாமல் ஓடி, டீசல் சரியாக எரியாமல், ஆயிலில் கசடு சேர்ந்து, லைனர் சீக்கிரம் தேயும். கொதிப்பதற்கு உண்மையான காரணமான அடைப்பும் அப்படியே இருக்கும்.

உலோகம் மாறியபோதுதான் கூலன்ட் கட்டாயமானது. எடையும் செலவும் குறைய அலுமினிய ரேடியேட்டர், பிளாஸ்டிக் டேங்க் என்று உற்பத்தி நகர்ந்தது. அதில் ஈயம் வைத்துப் பற்ற முடியாது, பட்டை விட்டுத் தள்ளினால் குழாய் கிழியும். கெட்டால் புதிது வாங்க வேண்டும். இரும்பும் அலுமினியமும் ஒரே உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தால் அலுமினியம் முந்திக் கரையும். அதைத் தடுக்கும் இன்ஜின் கூலன்ட்டுக்கென்று இந்தியத் தரக் குறியீடு உண்டு, அதன் எண் 5759. டிராக்டர் நிறுவனங்கள் ஆலையிலேயே கூலன்ட் ஊற்றி அனுப்பும் நிலை வந்ததும் விவசாயிக்கும் அது அறிமுகமானது. பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்கள் வெறும் சாயம். ஒரு நிறுவனத்தின் பச்சையும் இன்னொன்றின் பச்சையும் ஒரே மருந்தாக இருக்க வேண்டியதில்லை. கேனில் அச்சிட்ட வகையைப் பார்த்து வாங்காமல் நிறத்தைப் பார்த்து வாங்கிக் கலந்தால், தடுப்பான்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரிந்து கூழாவதும் உண்டு. பழைய டிரைவர்கள் ‘தண்ணிதான் நல்லா குளிர்விக்கும்’ என்று வாதிடுவதிலும் உண்மை இருக்கிறது. சரிபாதிக் கலவை, அதே அளவு வெறும் தண்ணீரைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவான வெப்பத்தையே சுமக்கும். ஆனால் சுண்ணாம்பு படிந்த இன்ஜினில் அந்தக் கூடுதல் திறனால் பயனில்லை.

வீட்டிலேயே கூலன்ட்டை மாற்றுவது பெரும்பாலும் கோடைக்குள் நடக்கிறது. சம்பாவும் தாளடியும் அறுத்து முடிந்து, அணை திறக்கும்வரை வண்டிக்கு உழவு வேலை குறைவு. ஆயுத பூஜைக்கு வண்டியின் வெளிப்புறம் பளபளக்கும், உட்புறத்தைப் பார்க்க ஏற்ற காலம் இந்த ஓய்வுதான். இரவு முழுவதும் ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அடியில் உள்ள வடிகுழாயைத் திறப்பார்கள். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு பிளக் உண்டு, அதைத் திறக்காவிட்டால் பழைய நீரில் கணிசமான பங்கு உள்ளேயே தங்கிவிடும். நெடுநாள் திறக்காத பிளக்கில் முதலில் எதுவும் வராது. கம்பியால் குத்தினால் துருச்சேறு பிதுங்கி, பின்னால் நீர் வரும். நல்ல தண்ணீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆறவிட்டு இறக்க வேண்டும். வருவது தெளிவாகும்வரை இது மீளும். சூடான பிளாக்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும் என்பதால் ஒவ்வொரு முறையும் பொறுமை வேண்டும். ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பார்த்து, உப்பியதையும் வெடித்ததையும் இந்த வேளையிலேயே மாற்றிவிடுவது நல்லது.

ஊற்றும்போது கடையில் கலந்தே வரும் கூலன்ட் என்றால் அப்படியே ஊற்றலாம். அடர் கூலன்ட் என்றால் கையேடு சொல்லும் பங்குக்கு உப்பு நீக்கிய தண்ணீர் சேர்க்க வேண்டும். போர் தண்ணீரைக் கலந்தால் கொடுத்த காசு வீண், அதன் கால்சியம் தடுப்பான்களையே பிடித்துப் படியவைத்துவிடும். ஆர்ஓ கேன் தண்ணீரில் உப்பு குறைவு, கலப்பதற்கு ஏற்றது. தடுப்பான் எதுவும் சேர்க்காமல் அதைத் தனியாக ஊற்றினால் துரு பிடிப்பது நிற்காது. மெதுவாக ஊற்றி, மூடி திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறும், மட்டம் இறங்கும். இறங்கியதை நிரப்பி மூட வேண்டும். காற்றை வெளியேற்றாமல் மூடினால் ஹெட்டில் தண்ணீர் தொடாத ஓர் இடம் உருவாகி அங்கே வெந்துவிடும். பழைய வகைக் கூலன்ட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், கரிம அமில வகை ஐந்து ஆண்டு வரை தாங்கும். அதற்குள் கிளைகால் தீர்ந்துபோவதில்லை. தடுப்பான்கள் செலவாகி, திரவம் அமிலமாகிவிடுகிறது.

தண்ணீர்க் காலத்தில் இறக்கிய நீர் வாய்க்காலிலோ களத்துமேட்டிலோ போனது, கேடில்லை. கூலன்ட்டுக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது. எத்திலீன் கிளைகால் இனிக்கும் நஞ்சு. உடலில் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக அடைத்துக்கொள்ளும். ஏறத்தாழ 100 மில்லி ஒரு வளர்ந்த மனிதரைக் கொல்லப் போதும். இனிப்புக்கு நாயும் கன்றும் ஆடும் வாய் வைக்கும். அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் இறங்கும் கழிமுகத்தில், வரப்போரத்துக் குட்டையில் ஊற்றிய பழைய கூலன்ட் யார் வாயில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் எட்டாமல் வைப்பதே இப்போதைக்குச் செய்யக்கூடியது. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது மிக ஆபத்தான பழக்கம். பழைய இன்ஜின் ஆயிலை விலை கொடுத்து வாங்கிப் போக ஆள் வருகிறது. கழிவுக் கூலன்ட்டுக்கு அப்படி ஒரு சந்தை இல்லை, அதைச் சேகரித்துச் சுத்திகரிக்கும் ஏற்பாடு கிராமப்புறத்தை இன்னும் எட்டவில்லை.